மறுகட்டுமானத்துக்குப் போகும் வீடு: அப்பாவின் ஃபியட்டையும் அம்மாவின் பழம்பொருட்களையும் எப்படிக் காப்பது?

மாட்டுங்கா வாசகி கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் பாவ் தாஜி சாலைக்கு அருகே நாங்கள் குடியிருக்கும் பழைய கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. தீபாவளிக்குள் காலி செய்துவிட்டு, புதுக் கட்டடம் எழும்பும் வரை செம்பூரில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருக்கப் போகிறோம். பீரோ, கட்டில் ஆகியவற்றைப் பற்றிக் கவலையில்லை, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் சிலவற்றை விட மனம் வரவில்லை.

முதலாவது, அப்பா 1967இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவான வண்டி. ஸ்டியரிங் கம்பத்திலேயே கியர் மாற்ற வேண்டும். அப்பா காலமான பிறகு அதை யாரும் ஓட்டவில்லை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. அடுத்தது, மர்ஃபி வால்வு வானொலியும், அதற்காக அஞ்சலகத்தில் பணம் கட்டி வில்லை ஒட்டிய உரிமப் புத்தகமும்.

மீதி உள்ளவற்றைக் குப்பை என்கிறான் என் தம்பி. பினாகா பற்பசையோடு இலவசமாக வந்த குட்டிக் குட்டி பிளாஸ்டிக் விலங்குகள், அம்மா பாசிமணியில் கோத்த ‘நல்வரவு’ தோரணம், ஒரு ஜவுளிக்கடை கொடுத்த முருகன் காலண்டர் படம் ஆகியவைதான் அவை. கொலுப்படிகளுக்குக் கீழே கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா அமைத்து, அந்த ஒட்டகச்சிவிங்கியையும் காண்டாமிருகத்தையும் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் நிறுத்துவோம். இப்போது அவனே, வண்டியைப் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவுக்கும் மற்றதைப் பழம்பொருள் சந்தையான சோர் பஜாருக்கும் தள்ளிவிடலாம் என்கிறான்.

வண்டியைச் சட்டப்படி வைத்திருக்க வழி உண்டா? மற்றவற்றை எப்படிப் பாதுகாப்பது?

பழைய வண்டிப் பிரியன், சயான்:

சகோதரி, தயவுசெய்து வண்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். 2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலைகளிலிருந்து, டிலைட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினி டாக்சிகள் விடைபெற்றபோது, அவற்றோடு படம் எடுத்துக்கொள்ள எத்தனை பேர் ஓடினார்கள் என்பது நினைவிருக்கும். பத்மினிக்கும் மூத்தவள் உங்கள் வீட்டு டிலைட். அதே 1089 சிசி எஞ்சின் குடும்பம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவு 10 ஆண்டுகள் செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அதன் பின் மறுபதிவுக்கு 5,000. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் காய்கறி வாங்க ஓட்ட முடியாது. அப்படி ஓட்ட விரும்பினால், சாதாரண வண்டியாகவே தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எந்த வழியானாலும், வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள்.

இதில் எல்லாரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. சேசிஸ் (அடிச்சட்டகம்), பாடி, எஞ்சின் ஆகியவை மூல வடிவத்தில் இருந்தால்தான் அந்தப் பழம்பெரும் தகுதி கிடைக்கும். ‘எஞ்சின் போய்விட்டது, வேறு கம்பெனி எஞ்சின் பொருத்தித் தருகிறேன்’ என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உடனே சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கவும் வேண்டாம். டாங்கில் கெட்டுப்போன பெட்ரோலை இறக்கி, துருவைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பிரேக் சிலிண்டர் ரப்பர்களையும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிய பிறகே எஞ்சினை எழுப்ப வேண்டும். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காமல் ஊறி வெடித்துவிடும். மும்பை மழையில் முதலில் அரிப்பது கால்மிதிக்குக் கீழுள்ள தகடும் கதவின் அடிவிளிம்பும்தான். மிதியடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வால்வு வானொலி ரசிகர், டோம்பிவிலி:

அம்மா, வானொலியை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். பல ஆண்டுகள் சும்மா இருந்த மின்தேக்கிகள் கசிந்திருக்கும். திடீரென முழு மின்சாரம் பாய்ந்தால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். விவரம் தெரிந்தவர் மின்தேக்கிகளை மாற்றிவிட்டு, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துத்தான் சோதிப்பார். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி வகையாக இருந்தால் உள்ளிருக்கும் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் இருக்கும் என்பதால், பின்மூடி இல்லாமல் தொடவே கூடாது.

உரிமப் புத்தகத்தை வானொலியோடு சேர்த்தே வையுங்கள். வானொலிப் பெட்டி பல வீடுகளில் மிஞ்சியிருக்கிறது. உரிம முறை 1980களின் நடுவில் ஒழிந்ததும் இந்தப் புத்தகங்களைத்தான் எல்லாரும் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

கொலுக்காரி, முலுண்ட்:

மேலே இருப்பவர் சொன்னது உங்கள் பினாகா விலங்குகளுக்கும் பொருந்தும். வெள்ளிக் குத்துவிளக்கை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். பற்பசையோடு வந்த காண்டாமிருகத்தை யாரும் பத்திரப்படுத்தவில்லை. விலை மலிவு என்பதாலேயே அழிந்தவை அவை. ஒரு நடுத்தரக் குடும்பம் எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது என்பதை இவற்றைப் போல வேறெதுவும் சொல்லாது. உங்கள் தம்பியிடம் அந்த ஒட்டகச்சிவிங்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

காலண்டர் படத்துக்குச் சட்டம் போடும்போது கீழே உள்ள கடைப்பெயரை வெட்டிவிடச் சொல்வார்கள், விடாதீர்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் அச்சாகி வீடு வீடாகச் சேர்ந்ததே இப்படிக் கடைக்காரர்கள் கொடுத்த காலண்டர்கள் வழியாகத்தான். கடைப்பெயரும் ஊரும் தேதியும் போய்விட்டால் படத்தின் பாதி வரலாறு போய்விடும். ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். இராமபாணப் பூச்சி அட்டைக்குப் பின்னால்தான் குடியேறும் என்பதால் பின்பக்கத்தைக் காகித நாடா ஒட்டி மூடுங்கள். பிளாஸ்டிக் பொம்மைகளோடு அந்துருண்டை போடவே வேண்டாம். இரண்டும் ஒட்டிக்கொண்டு சாயம் கெடும். பாசித் தோரணத்தின் நூல் இற்றிருந்தால், இப்போதே படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் புதிய நைலான் நூலில் கோத்துவிடலாம்.

மாட்டுங்கா வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மிதியடியைத் தூக்கிப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தகடு அரித்திருக்கிறது. மற்ற பக்கம் உறுதியாக இருக்கிறது. எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றே. முருகன் படத்தின் அடியில் திருநெல்வேலிக் கடையின் பெயர் முழுதாக இருக்கிறது. அம்மாவின் பிறந்த ஊர் அது. இவற்றைப் படம் எடுத்து அனுப்பியதும் தம்பி பேச்சை மாற்றிவிட்டான். படிவம் 31இல் தானும் கையெழுத்திடுவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை புனேயிலிருந்து வருகிறான். செம்பூரில் கூரையுள்ள வாகன நிறுத்தம் மாத வாடகைக்கு விடுபவர்கள் யாரேனும் தெரிந்தால் இங்கே எழுதுங்கள். வண்டியை ஓட்டாமல், தூக்கு வண்டியில்தான் கொண்டு செல்லப் போகிறோம்.