கிளவுட் வேலை இன்டர்வியூவில் மனப்பாடக் கேள்வி எதற்கு?

தண்டையார்பேட்டை_லினக்ஸ்:
போன வாரம் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி, கிளவுட் இன்ஃப்ரா இன்ஜினியர் வேலை. /27 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு சின்னப் பகுதி) எத்தனை ஐபி முகவரி, கிளவுட் செட்டப்பைக் கோடாக எழுதும் டெராஃபார்மில் இதற்கு என்ன ஃப்ளாக் (கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன்) என்று வரிசையாகக் கேட்டார்கள். எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதற்கு முன்பே சொந்த அமேசான் கிளவுட் அக்கவுண்டில் இகேஎஸ் கிளஸ்டர் (அமேசானின் குபெர்னெட்டீஸ் சேவை, ஆப்களை ஓட்டுவதற்கு), நாட் கேட்வே (உள் நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) எல்லாம் ஏற்றிக் காட்டச் சொன்னார்கள். கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், நாட் கேட்வே சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் மீட்டர் ஓடும். வேலை இல்லாதவன் கைக்காசு ஏன் போகணும்?

பெரம்பூர்_ஆப்ஸ்:
காசு விஷயம் அநியாயம்தான் நண்பா. ஆனால் /27 கேட்டதில் தப்பே இல்லை. 32 முகவரி, அதில் 5 அமேசானுக்குப் போய்விடும், மிச்சம் 27. இகேஎஸ்ஸில் வழக்கமாக ஒவ்வொரு பாடும் (ஆப் ஓடுகிற சின்ன யூனிட்) விபிசியிலிருந்தே (கிளவுட்டில் நமக்கான தனி நெட்வொர்க்) ஐபி எடுக்கும், அதனால் சப்நெட் சின்னதாக இருந்தால் கூட்டம் ஏறுகிற நேரத்தில்தான் புது பாட் எழும்பாமல் நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை யோசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு கையோடு வரணும்.

தண்டையார்பேட்டை_லினக்ஸ்:
சரி, அப்போது அதையே கேட்கலாமே! "பாட் எழும்பவில்லை, முதலில் எங்கே பார்ப்பாய்?" ஐபி தீர்ந்த கதை தானாக வந்து விழும்.

ராயபுரம்_டெவ்ஆப்ஸ்காரி:
எனக்கு அப்படி ஒரு இன்டர்வியூ கிடைத்தது. பாட் திரும்பத் திரும்ப விழுகிறது, எக்ஸிட் கோட் 137 (ப்ராசஸை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் வரும் எண்) என்று இன்டர்வியூ எடுத்தவர் ஸ்க்ரீனில் காட்டினார். மெமரி லிமிட் தாண்டியிருக்கும் என்றேன். "அப்போ லிமிட்டை ஏற்றிவிடலாமா?" என்றார். ஜாவா ஹீப் (ஜாவா ப்ரோகிராமுக்கு ஒதுக்கும் மெமரி) எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஏற்றமாட்டேன் என்றேன், அங்கிருந்து பேச்சு நல்ல ஆழத்துக்குப் போனது. எங்கள் ஏரியாவில் பாலிடெக்னிக் முடித்து, சர்வர் ரூமில் கேபிள் இழுத்துக் கையால் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். மனப்பாடக் கேள்வி முதலில் தள்ளிவிடுவது அவர்களைத்தான்.

பெரம்பூர்_ஆப்ஸ்:
சகோ, அப்படிக் கேட்க கேட்கிறவருக்கும் விஷயம் தெரியணும், நேரமும் வேணும். ரெஸ்யூமேயில் இருபது டூல் பெயர் போட்டுவிட்டு, பிரைவேட் சப்நெட்டிலிருந்து (இணையத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதது) இணையத்துக்கு எப்படிப் போவது என்றால் முழிக்கிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். முதல் ரவுண்டில் அடிப்படை கேட்பதை விடமாட்டேன்.

ராயபுரம்_டெவ்ஆப்ஸ்காரி:
கேளுங்கள் அண்ணா, அது நல்ல கேள்வி. ஃப்ளாக் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், அது ஹெல்ப் பக்கத்திலேயே இருக்கிறது.