விலங்கியல் டிகிரியோட பிரிட்டன்ல எம்.எஸ்சி. அடல்ட் நர்சிங்: சேரலாமா?

தக்கலைக்காரன்:
தங்கச்சி பி.எஸ்சி. விலங்கியல். இங்க எம்.எஸ்சி. நர்சிங்னா பி.எஸ்சி. நர்சிங் கேக்காங்க. பிரிட்டன்ல வேற டிகிரிக்கும் கிடைக்கும்னு மார்த்தாண்டத்துல ஒரு ஏஜெண்ட் சொல்லுதாரு. நம்பலாமா?

வார்டு அக்கா:
கிடைக்கும் தம்பி, ஆனா கோர்ஸ் ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ வகையா (முடிச்சா அங்க நர்சா பதிவு செய்யத் தகுதி தர்றது), என்.எம்.சி. (அங்க நர்சுகளைப் பதிவு செய்யற கவுன்சில்) அங்கீகாரம் உண்டான்னு முதல்ல பாருங்க. ‘இன்டர்நேஷனல் நர்சிங்’, ‘அட்வான்ஸ்டு நர்சிங்’ எம்.எஸ்சி. பெரும்பாலும் ஏற்கெனவே நர்சா இருக்கவங்களுக்கு. அதை முடிச்சா பட்டம் வரும், பதிவு எண் வராது. பணம் மொத்தமும் போறது இந்த இடத்துலதான்.

ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் கோர்ஸ் மொத்தம் 4,600 மணி நேரம். பாதி வகுப்பு, பாதி (2,300) ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதை ரெண்டு வருசத்துல முடிக்க முடியறது பழைய படிப்பு, அனுபவத்தைக் கணக்குல எடுக்கறதால. அதனால முதியோர் இல்லத்துலயோ பாலியேட்டிவ் கேர்லயோ வேலை செஞ்ச நேரத்தைத் தேதியோட எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லுங்க. பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. ராத்திரி ஷிஃப்டும் உண்டு. செலவுக் கணக்கை அதை வச்சே போடுங்க.

கொல்லங்கோடு:
அக்கா சொன்னது சரி. ‘அடல்ட்’ (பெரியவங்களுக்கான நர்சிங்)ங்கறது அங்க ஒரு தனிப் பிரிவு, குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு மத்த மூணு. சேரும்போதே ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.

இதைப் படிக்கிற பி.எஸ்சி. நர்சிங்காரங்க இந்தக் கோர்சுக்குப் போகவே வேண்டாம். அங்க பதிவு செய்ய சி.பி.டி. (கம்ப்யூட்டர்ல எழுதற தேர்வு), அப்புறம் பத்து ஸ்டேஷன் ஆஸ்கி (செஞ்சு காட்டற செய்முறைத் தேர்வு), கூட இங்கிலீஷ் தேர்வு போதும். ஐ.இ.எல்.டி.எஸ்.ல ரைட்டிங் 6.5, மத்த மூணும் 7.