கட்டுநாயக்க – லண்டன்: 9 மணித்தியாலமா, 11 மணித்தியாலமா?

ஹட்டன் மூத்தவள்:
ஆகஸ்டில் தங்கைக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அம்மாவைத் தனியாக லண்டனுக்கு அனுப்புகிறோம். தூரம் பார்த்தால் 8,700 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 9 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறது. டிக்கட்டில் பகல் 1.00க்குப் புறப்பட்டு இரவு 7.30க்கு ஹீத்ரோவில் இறங்குவதாக இருக்கிறது, அதைக் கழித்தால் ஆறரை மணித்தியாலம்தான் வருகிறது. எது சரி? அம்மாவுக்கு முழங்கால் வலி, பிளேனே ஏறினதில்லை.

டிக்கோயா தம்பி:
அக்கா, 11 மணித்தியாலம். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், ஆகஸ்டில் லண்டன் நமக்கு நாலரை மணி பின்னால், அதையும் கூட்டுங்கள். 9.40 என்பது 8,700ஐ 900 கிலோமீற்றர் வேகத்தால் வகுத்த கணக்கு மட்டும்தான். நிஜத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவேண்டும், மேலே மேற்கிலிருந்து காற்று எதிரே அடிக்கும், போர் நடக்கிற இடங்களைச் சுற்றிக்கொண்டும் போவார்கள். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும். முழங்காலுக்கு இப்போதே விமானக் கம்பனியிடம் சொல்லி சக்கர நாற்காலி பதிந்துவிடுங்கள், அதற்குக் காசு இல்லை.

நுவரெலியா வாசி:
பயப்படாதீர்கள். பிளேன் பத்து, பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் போனாலும் உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள், நுவரெலியாவே 1,868 மீற்றர், அதனால் மலையில் வளர்ந்த அம்மாவுக்கு அது புதிதாக இருக்காது. காது அடைப்பதும் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது வருகிற அதே அடைப்புத்தான். பிளேன் இறங்கத் தொடங்கும்போது தூங்காமல் ஒரு டொபி வாயில் போட்டு விழுங்கச் சொல்லுங்கள். கால் வீங்காமல் இருக்க இடைக்கிடை எழுந்து நடக்கவேண்டும், நடைபாதை ஓரத்து சீட்டே நல்லது.

ஹட்டன் மூத்தவள்:
பெரிய நன்றி, அம்மாவிடம் நுவரெலியா கதையைச் சொன்னேன், முகமே மாறிவிட்டது. வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடவேண்டும்?

வேன்காரர்:
பிள்ளை, நான் இந்த ரோட்டில்தான் ஓடுகிறேன். பத்து மணிக்கு எயார்போர்ட்டில் நிற்கவேண்டும் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கே ஏறிவிடுங்கள். ரோடு நன்றாக இருந்தால் ஐந்து மணித்தியாலம் போதும், ஆனால் ஆகஸ்டில் நம் பக்கம் மழை, பனிமூட்டம், கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விடும், அவிசாவளைக்குப் பிறகு வேலைக்குப் போகிற வாகன நெரிசலும் இருக்கிறது. அம்மாவுக்கு வளைவில் தலை சுற்றுமென்றால் முன் சீட் கொடுங்கள், வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள். மாத்திரை, கண்ணாடி, தங்கையின் விலாசம் எழுதின தாள், மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடவேண்டாம்.