எல்லாம் அணைச்ச பிறகும் ராத்திரியில் 2.4 யூனிட் ஓடுது, எங்கே போகுது?

நீலவானம்:
இரவு 11 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் மீட்டர் ரீடிங் எடுத்தால் 2.4 யூனிட் வித்தியாசம் வருகிறது. அந்த நேரத்தில் ஓடுவது 2 சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ் (பழைய வகை, இன்வெர்ட்டர் கம்ப்ரெஸர் இல்லை), வைஃபை ரூட்டர், செட்டாப் பாக்ஸ். ஏசி கிடையாது, பல்பு எல்லாம் எல்இடி. பிரஷர் பம்ப் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறது. 15 லிட்டர் வாட்டர் ஹீட்டரின் சுவிட்ச் எப்போதும் ஆனில்தான். தண்ணீர் பில்லும் ஏறியிருக்கிறது. புது ஃபிரிட்ஜ் வாங்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

மின்கம்பி:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க, முதலில் கணக்குப் போடுவோம். 6 மணி நேரத்தில் 2.4 யூனிட் என்றால் சராசரி 400 வாட். பழைய ஃபேன் ஒன்றுக்கு 75 வீதம் 150. ரூட்டரும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து 25. நல்ல நிலையில் உள்ள ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 50 போடலாம். மொத்தம் 225. மீதி 175 வாட்டுக்குத்தான் ஆள் தெரியவில்லை. அது நாள் முழுக்க ஓடினால் மாதம் 126 யூனிட்! பல்பை அணைத்து அணைத்து இதை ஈடுகட்டவே முடியாது.

மீட்டர் முகப்பில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கையும், பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்க. ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். 10 சிமிட்டலுக்கு எத்தனை நொடி என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் எடுங்க. முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று எண்ணணும், ஒன்று என்று ஆரம்பித்தால் கணக்குத் தப்பும். 3200 மீட்டரில் 11250-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 என்றால் 22500-ஐ வகுக்கணும். பிறகு எம்சிபியை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் திரும்ப எடுங்க. கம்ப்யூட்டரை முதலிலேயே ஷட்டவுன் செய்துடுங்க.

மெயினை இறக்கியும் சிமிட்டினால் விஷயம் வேறு. சில மீட்டர்கள் ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) இரண்டில் எதில் கரண்ட் அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும். பக்கத்து இணைப்பின் நியூட்ரல் உங்களுடையதோடு கலந்திருந்தால், அவர்கள் வீட்டு லோடு உங்கள் மீட்டரில் ஏறும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் அதைப் பிரிக்கணும், நீங்க தொட வேண்டாம்.

பனிப்பெட்டி:
எனக்குச் சந்தேகம் ஃபிரிட்ஜ் மேல்தான், ஆனால் அதற்காகப் புதுசு வாங்கணும் என்று இல்லை. இரவில் ஒரு மணி நேரம் கவனியுங்க. கம்ப்ரெஸர் நிற்கவே இல்லை என்றால் குளிர் எங்கேயோ வெளியே போகிறது. (இன்வெர்ட்டர் வகை மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்கு இந்தச் சோதனை செல்லாது.)

கதவு இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்க. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிச் செய்யணும். பிடிமானமே இல்லாமல் நழுவி வரும் இடத்தில் கேஸ்கெட் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர்) போயிருக்கு. அடியில், கீல் இருக்கும் மூலையைத் தவறாமல் பாருங்க, மடிப்பில் அழுக்கு சேர்ந்து ரப்பர் விறைத்துப்போவது அங்கேதான். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியை 5 நிமிடம் ஒத்தி வைத்தால் பல கேஸ்கெட்டுகள் திரும்பப் படிந்துவிடும். கீல் போல்ட் தளர்ந்து கதவு தொங்கினாலும் இதே கோளாறுதான் தெரியும், அதனால் ரப்பரை மாற்றுவதற்கு முன் போல்ட்டை முறுக்கிப் பாருங்க.

ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடித்தால் அணைத்து உருக விடணும். கத்தியால் மட்டும் சுரண்டாதீங்க. உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், அப்புறம் நிஜமாகவே புதுசுதான் வாங்கணும்.

குழாயடி:
தண்ணீர் பில்லும் ஏறியிருக்கு என்று எழுதியிருக்கீங்க, அதை யாரும் கவனிக்கலையே. யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் பிரஷர் பம்ப் சில நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பி நிற்குதா? அரை எச்பி பம்ப் ஓடும்போது 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒழுகல் ஒன்றுதான், பில் இரண்டிலும் ஏறும்.

ஃப்ளஷ் டேங்கில் கலர் பொடி கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்க. கீழே கழிப்பறைப் பேசினில் நிறம் வந்தால் அடி வாஷர் போச்சு. நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகினாலே ஒரு நாளில் 144 லிட்டர். நிறம் இறங்கவில்லை, பம்ப் மட்டும் கிளம்புகிறது என்றால் வேறு குழாய்க் கசிவு, செக் வால்வு (தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுப்பது) கோளாறு, இல்லாவிட்டால் பிரஷர் டேங்கில் காற்று குறைவு.

ஹீட்டரை ஆனிலேயே விடுவது வீண். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் போதும், 2 கிலோவாட் ஹீட்டரில் 20 நிமிட வேலை. குளிப்பதற்கு முன் போட்டால் சரி.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. 3200 மீட்டர். 10 சிமிட்டலுக்கு 34 நொடி, ஃபிரிட்ஜை மட்டும் அணைத்தால் 63 நொடி. மெயினை இறக்கினால் நின்றுவிடுகிறது. கம்ப்ரெஸர் ஒரு மணி நேரமும் நிற்கவில்லை. கீல் பக்கத்து அடி மூலையில் காகிதம் நழுவுகிறது, ரப்பர் கிழிந்தே இருக்கிறது. ஃப்ளஷிலும் நிறம் இறங்கியது. கேஸ்கெட்டை நாமே மாற்றலாமா?

மின்கம்பி:
331 வாட், ஃபிரிட்ஜ் போனால் 179. அப்போ ஃபிரிட்ஜ் மட்டும் 152 வாட், அதுவும் நிற்காமல். 50 இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட் கூடுதல், மாதம் 72 யூனிட். 400-க்கு மிச்சம் உள்ள 70 வாட் சராசரி, விட்டுவிட்டு ஓடும் பம்பும் ஹீட்டரும்தான்.

பனிப்பெட்டி:
தாராளமாக மாற்றலாம். உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரைச் சொல்லி வாங்குங்க. ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. பள்ளத்தில் அழுத்திய வகை என்றால் கையாலேயே உரிந்து வரும். ஸ்க்ரூ வகை என்றால் எல்லா ஸ்க்ரூவையும் ஒரேயடியாகக் கழற்றாதீங்க, கதவின் உள் தகடு கோணிக்கும். ஒவ்வொரு பக்கமாகத் தளர்த்தி, பழையதை உருவி, புதியதைச் செருகணும்.

பெட்டியில் மடிந்து வந்த ரப்பரை 10 நிமிடம் வெந்நீரில் போட்டு நிமிர்த்துங்க. நாலு மூலையையும் முதலில் பொருத்திவிட்டு நடுப்பகுதிக்கு வரணும், இல்லாவிட்டால் கடைசி மூலையில் ரப்பர் மிஞ்சி நிற்கும். மாட்டிய பிறகு காகிதச் சோதனையை இன்னொரு சுற்று பாருங்க.