மறுமொழி: கோணல் இறக்கையா, சாய்சிறகா, கத்தரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் இதழ் ஒன்றுக்கான கட்டுரைக்கு நான் கேட்டது ஒரே ஒரு சொல். நாசாவின் ஏடி-1 ஆய்வு விமானத்துக்கு, பறக்கும்போதே சரிவாகத் திரும்பும் ஒற்றை இறக்கை; ஆங்கிலத்தில் ‘ஆப்ளிக் விங்’ எனப்படும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வந்த மடல்களில் பாதி, ‘இப்படி ஒன்று உண்மையிலேயே பறந்ததா, இல்லை யாராவது படத்தை வெட்டி ஒட்டியதா’ என்று கேட்கின்றன. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பறந்தது. 1979 டிசம்பர் 21 அன்று கலிபோர்னியாவில் முதல் பறப்பு, 1982 ஆகஸ்ட் வரை மொத்தம் 79 முறை. நாசாவின் ஏமெஸ், டிரைடன் ஆய்வு மையங்களின் முதலெழுத்துகள்தான் ஏடி. உடலின் முதுகில் ஒரு நீளப் பலகையை ஒற்றை அச்சில் மாட்டியது போல இருக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் மற்ற விமானங்களைப் போல நேர்க்குறுக்காக நிற்கும். மேலே போனதும் விமானி அதைத் திருப்புவார். ஒரு முனை மூக்குப் பக்கம் போகும், மறுமுனை வால் பக்கம் போகும். 60 பாகை வரை திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அப்போது 9.8 மீட்டர் அகலம் சரிபாதியாகிவிடும். மொத்தச் செலவு சுமார் 2,40,000 டாலர். விமான ஆராய்ச்சியில் இது சில்லறைக் காசு. சக்கரத்தை உள்ளே மடக்கும் வசதிகூடக் கிடையாது.

யோசனை ராபர்ட் ஜோன்ஸ் என்பவருடையது. வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே கணிதம் படித்தவர். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கை காற்றுக்கு நேராக நிற்காமல் சரிந்து நின்றால் காற்று பின்னிழுக்கும் இழுவை குறையும் என்பது தெரிந்த விஷயம். எஃப்-14 போன்ற போர் விமானங்களில் இரண்டு இறக்கைகளையும் பின்னால் மடக்குவது அதற்காகத்தான். ஆனால் அங்கே இரண்டு அச்சு வேண்டும், இரண்டும் கனமாக இருக்கும், மடக்கியதும் விமானத்தைத் தூக்கும் விசையின் மையம் பின்னால் நகர்ந்துவிடும். ஜோன்ஸின் வழியில் ஒரே அச்சு போதும். ஒரு பாதி முன்னே போக மறுபாதி பின்னே போவதால் மையம் பெரிதாக நகராது. காகிதத்தில் வெகு அழகான கணக்கு.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> ‘கோணல் இறக்கை’ என்றே வைக்கலாம் அண்ணா. பார்த்தாலே கோணலாகத்தானே இருக்கிறது!

தம்பி, உன் சொல் நாவில் நன்றாக உருளுகிறது. ஆனால் தமிழில் கோணல் என்றாலே குற்றம். ஆடத் தெரியாதவள் சாக்குச் சொன்னது கூடத்தின் மேல்தான், அந்தக் கூடத்தின் குற்றம் கோணல்தான். வாசகன் பெயரைப் படித்ததுமே ‘ஓ, தப்பாகச் செய்த இறக்கை’ என்று முடிவு கட்டிவிடுவான். சமச்சீர் இல்லாதது பறக்காது என்பது கண் சொல்லும் தீர்ப்பு, கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஜெர்மனியில் 1938லேயே ரிச்சர்ட் ஃபோக்ட் ஒரு பக்கம் எந்திரமும் மறுபக்கம் விமானி அறையுமாக பிவி 141 என்ற விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டிவிட்டார்.

> ‘சாய்சிறகு’ சுருக்கமாக, செந்தமிழாக இருக்கும்.

ஐயா, சுருக்கம்தான். ஆனால் ‘சாய்தல்’ என்ற சொல் விமானத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறது. வளையும்போது ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயருமே, அதற்குச் சாய்வைத் தவிர வேறு என்ன சொல்வோம்? ‘சாய்சிறகு சாய்ந்தது’ என்று எழுத வேண்டிவந்தால் எனக்கே தலை சுற்றும். அப்புறம், சிறகு பறவையோடு இருக்கட்டும். விமானத்துக்கு இறக்கை என்பது பாடநூலிலேயே பழகிவிட்டது.

> இறக்கையும் உடலும் கத்தரிக்கோல் மாதிரிதானே? ‘கத்தரி இறக்கை’.

அக்கா, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு திருகாணியில் இரண்டு அலகு, படம் உடனே கண்ணில் வருகிறது. இரண்டு நாள் இதையே வைத்து மொழிபெயர்த்தேன். மூன்றாம் பத்தியில் இடித்தது. உடலே இல்லாமல் முழு விமானமும் ஒற்றை இறக்கையாக, அப்படியே சரிவாகத் திரும்பிப் பறக்கும் வடிவம் ஒன்று உண்டு. 2006இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா ‘சுவிட்ச்பிளேடு’ என்ற பெயரில் பணம் ஒதுக்கியது இந்த வகைக்குத்தான். அதில் இன்னொரு அலகுக்கு எங்கே போவது? ‘திருகு’, ‘சுழல்’ சேர்த்து வந்த பெயர்களுக்கும் இதே கதிதான். திரும்புவது ஒரு மாதிரியின் ஏற்பாடு. சரிவாக நிற்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது.

ஆகவே என் முன்மொழிவு: மூலைவாட்டு இறக்கை.

உயரமானவர் கட்டில் போதாமல் எப்படிப் படுப்பார்? மூலைவாட்டில். சதுரத் துணியை முக்கோணமாக எப்படி மடிப்போம்? மூலைவாட்டில். குற்றம் இல்லை, தாழ்வு உயர்வு இல்லை, அச்சும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடு, அவ்வளவுதான். கணக்குப் பாடத்து மூலைவிட்டமும் பக்கத்து வீடு. தயங்காமல் கிழித்துத் தொங்கவிடுங்கள்.

———

இறக்கைக்குப் பெயர் தேடும் தம்பிக்கு, சாய்சிறகு சொன்னவன் எழுதுகிறேன்.

சாய்சிறகை விட்டுவிடுகிறேன், ‘சாய்சிறகு சாய்ந்தது’ என்னையும் தோற்கடித்துவிட்டது. ஆனால் இரண்டு கேள்வி.

ஒன்று. பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குத்தடிக்குப் பருமல் என்று பெயர். காற்றுக்குத் தக்க அதைத் திருப்பிக் கட்டுவார்கள். காற்றோடு உறவாடும் தடி, திரும்பும் தடி. ‘பருமல் இறக்கை’ என்றால் நம் கடற்கரைச் சொல் ஒன்று ஆகாயம் ஏறுமே?

இரண்டு. நீங்களே இந்த விமானத்தை நம்பவில்லை என்று சென்ற வாரம் எழுதினீர்கள். பின் கோணல் என்ற சொல்லின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? ஐயம் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

———

ஐயா,

பருமலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நல்ல சொல். ஆனால் அறிவியல் இதழ் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் பருமலை விளக்கி, பிறகு இறக்கையை விளக்கவேண்டும். இறக்கையைத் தாங்கும் அந்தச் சுழலும் தண்டுக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன், விடமாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு. ஆமாம், நான் நம்பவில்லை. ஏடி-1இன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 275 கிலோமீட்டர்தான். ஜோன்ஸ் சொன்ன லாபமோ ஒலி வேகத்தின் அக்கம்பக்கத்தில்தான் கிடைக்கும். 79 முறை பறந்து காட்டியது ‘திருப்பலாம், திரும்ப இறக்கலாம்’ என்பதை மட்டும். நல்ல நீச்சல்காரர் என்று சொல்லப்பட்டவரை முழங்கால் தண்ணீரில் நடக்கவிட்டுப் பார்த்த மாதிரி.

அந்தத் தண்ணீரிலும் சிக்கல் தெரிந்தது. 45 பாகையைத் தாண்டியதும் விமானிகளுக்குப் பிடிக்கவில்லை. கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்தால் மூக்கு மட்டும் தூக்காது, விமானம் பக்கவாட்டிலும் புரளப் பார்க்கும். கண்ணாடி இழையும் நுரையும் சேர்த்துச் செய்த இறக்கை வளையக்கூடியது. முன்னே போன பாதி வளைந்தால் காற்றை இன்னும் அதிகமாக ஏந்திக்கொள்ளும், பின்னே போன பாதி வளைந்தால் விட்டுக்கொடுக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே தூக்கு இருக்காது, விமானி சும்மாவே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விறைப்பான இறக்கையும் கணினிக் கட்டுப்பாடும் இருந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அதைப் பார்க்க எஃப்-8 போர் விமானம் ஒன்றில் இப்படி இறக்கை மாட்டும் திட்டம் 1980களில் வந்தது, பறக்காமலே நின்றது. சுவிட்ச்பிளேடை 2008இல் கைவிட்டார்கள். ஒலியைத் தாண்டிய மூலைவாட்டு விமானம் ஒன்றில் எந்த விமானியும் இதுவரை உட்கார்ந்ததில்லை.

இவ்வளவையும் கட்டுரையில் பத்தியாக எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர் பதில் எழுதலாம். பெயரில் வைத்துவிட்டால் யாரிடம் போய் வாதாடுவது? நாளை யாராவது ஒன்றைக் கட்டி ஒலியைத் தாண்டிப் பறக்கவிட்டால் என் பத்தியைத் திருத்திக்கொள்வேன். கலைக்களஞ்சியத்தில் ஏறிவிட்ட ‘கோணல் இறக்கை’யை யார் இறக்குவது?

அது மட்டுமில்லை, தம்பி கோணல் என்று சொன்னதே தோற்றத்தைப் பார்த்துத்தான். எனக்குத் தோற்றத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. என் சந்தேகம் வேகத்தைப் பற்றியது.

படத்துக்கு அடியில் இப்படிப் போடப்போகிறேன்: “ஏடி-1: மூலைவாட்டு இறக்கை முழுவதும் திருப்பிய நிலையில். இப்போது கலிபோர்னியாவில் சான் கார்லோஸ் ஊரின் ஹில்லர் அருங்காட்சியகத்தில் உள்ளது.” ‘மூலைவாட்டு’க்குப் பின் வல்லினம் மிகுமா என்ற சண்டை இறக்கையால் தப்பித்தது. ஆனால் ‘மூலைவாட்டு(ப்) பறப்பு’ என்று ஒரு துணைத்தலைப்பும் இருக்கிறது ஐயா. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் அந்த ‘ப்’ வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.