பாரீஸ் – லண்டன் விமானம் 20 நிமிடமா, 2 மணி 20 நிமிடமா?

கேள்வி – முதலியார்பேட்டைக்காரன்
நானும் அம்மாவும் பாரீஸில் அக்கா வீட்டுக்குப் போகிறோம். நடுவில் 3 நாள் லண்டன் போய்வர எண்ணம். டிக்கெட்டில் பாரீஸ் புறப்பாடு 10:00, லண்டன் வருகை 10:20 என்கிறது. திரும்பும்போது 2 மணி 20 நிமிடம் ஆகும்போல் காட்டுகிறது. உண்மையில் எவ்வளவு தூரம்? அம்மாவுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட்.

லாஸ்பேட்டை வாசி
இரண்டுமே 1 மணி 20 நிமிடம்தான். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். லண்டன் கடிகாரம் பாரீஸைவிட வருடம் முழுக்க 1 மணி பின்னால். நேர்கோட்டில் சுமார் 344 கி.மீ., சென்னை–பெங்களூருவைவிடக் கொஞ்சம் கூட. வானத்தில் இருப்பது முக்கால் மணியோ, சற்றுக் கூடவோ. மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மேலே வட்டமடிப்பதிலும் போய்விடும்.

சூரியகாந்தி நகர்
அந்த 344-ஐ நம்பி விமானம் போடாதீங்க தம்பி. பாரீஸ் கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு ஆர்இஆர் பி ரயிலில் 35 நிமிடம், 2 மணி முன்னதாகப் போகணும், இறங்கி இமிக்ரேஷன், அப்புறம் பிக்கடில்லி லைன் மெட்ரோவில் ஊருக்குள் 1 மணி. கூட்டினால் 5 மணிக்கு மேல்.

யூரோஸ்டார் என்ற அதிவேக ரயிலோ அதே கார் து நோரில் ஏற்றி, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் செயின்ட் பாங்கரஸ் ஸ்டேஷனில், லண்டன் நடு ஊரில் இறக்கிவிடும். பிரெஞ்சு, பிரிட்டிஷ் சோதனை இரண்டும் பாரீஸிலேயே முடிந்துவிடும், லண்டனில் நேரே வெளியே நடக்கலாம். ஆனால் புறப்பட அரை மணி இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள். ஒன்றரை மணி முன்னால் நிற்பது நல்லது. டிக்கெட் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை எகிறும்.

ஒயிட் டவுன்
நேரத்தைவிட விசாதான் இங்கே சிக்கல். உங்கள் ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 01 என்றிருந்தால், லண்டன் கிளம்பியதும் அது தீர்ந்தது. திரும்ப பாரீஸுக்குள் விடமாட்டார்கள். 02 அல்லது மல்ட் (MULT, பலமுறை நுழைவு) வேண்டும். ஊர் திரும்பும் விமானத்தை லண்டனிலிருந்தே போட்டால் மட்டும் 01 போதும்.

பிரிட்டன் விசா தனி. பயணத்துக்கு 3 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர வழக்கமாக 3 வாரம். அதை வாங்கிக்கொண்டு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பம் போடுங்க. இரண்டு நுழைவு ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு அதுவே காரணம் காட்டும். அம்மாவுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கும் ஈடிஏ (பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதி) வேண்டும். போனிலேயே போடலாம்.

முதலியார்பேட்டைக்காரன்
நன்றி. அம்மா மாங்காய் ஊறுகாய் ஜாடி வேறு கொண்டுவருகிறார்...

சூரியகாந்தி நகர்
விமானக் கைப்பையில் ஊறுகாயும் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் என்றால் பல விமான நிலையங்களில் பிடுங்கிவிடுவார்கள். யூரோஸ்டாரில் அந்த வரம்பு இல்லை. எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்குங்க. பெட்டி நீளம் மட்டும் 85 செ.மீ. தாண்டக்கூடாது.