கேம் விளையாடும் மலையகத்துப் பெண்களைத் தேடுகிறேன்

வணக்கம். ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். கேம்பஸ் கடைசி வருட ஆய்வுக்கு, வீடியோ கேம்களில் ஆண், பெண் வேறுபாட்டை எடுத்திருக்கிறேன். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் இளவரசியின் வேலை, யாராவது காப்பாற்றக் காத்திருப்பது. 1986இல் மெட்ராய்டில் நாம் விளையாடும் வீரரின் கவசத்துக்குள் இருந்ததே பெண்தான், ஆனால் வேகமாக முடித்தால்தான் முகம் தெரியும். பரிசு மாதிரி!

இதெல்லாம் படித்தே தெரிந்துகொள்ளலாம். நம் லயத்துப் பெண் பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமில் கூட விளையாடுபவர்களோடு பேச மைக்கைப் போடத் தயங்குவதை யார் எழுதியிருக்கிறார்கள்? என் தங்கச்சியே பையன் பெயரில்தான் விளையாடுகிறாள்.

18 வயது தாண்டிய அக்காமார், தங்கச்சிமார் போனில் அரை மணி நேரம் பேசுவீர்களா? பெயர் எங்கும் வராது. கோல் நானே எடுக்கிறேன். இன்பாக்ஸ் பண்ணுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.